எடை குறையாத இசை: நீனா சிமோனின் முதல் இசைத்தட்டு

நல்ல சாரீரம் வாய்த்தவர்களை 'வெண்கலக் குரல்' என்று பாராட்டுவது நம்மவர் வழக்கம். பாத்திர வியாபாரியான எனக்கு இந்தப் பாராட்டின் பொருள் காதோடு பழகியது. வெண்கலப் பானையைச் சுண்டினால் நாதம் எழும், நிற்கும், நிதானமாகத் தேயும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த நாதமே காட்டிக் கொடுத்துவிடும். செம்பு அப்படியல்ல. தட்டினால் ஓசை நீளாது, சட்டென்று அடங்கிவிடும். ஆனால் கையில் தூக்கினால் கனம் தெரியும். நான் இங்கே எழுத வந்திருக்கும் பாடகியின் குரல் வெண்கலக் குரல் அல்ல, செம்புக் குரல். அவர் பெயர் நீனா சிமோன். பாடகி மட்டுமல்ல, பியானோக் கலைஞரும் ஆவார். அவருடைய முதல் இசைத்தட்டு 'லிட்டில் கேர்ள் புளூ'. 1957 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவானது, 1959இல் வெளிவந்தது.

சங்க மலரில் வழக்கமாகச் சிலம்பு, சிந்தாமணி என்று எழுதுகிற ஆளு, இந்த வருஷம் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவரின் பாட்டுக்கு எப்படி வந்தார் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பதில் சுருக்கமானது. எனக்கு அந்த இசைத்தட்டின் மேல் காதல் வந்துவிட்டது. அறுபது தாண்டியவனுக்குக் காதலா என்றால், ஆம், அதேதான். பியானோ கற்கும் என் பேத்தியின் கைப்பேசியில் ஒருநாள் அதைக் கேட்டேன். பிறகு இங்கே கல்கத்தா ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய ரெக்கார்டுக் கடைகளில் தேடி, மறுபதிப்பு ஒன்றை வாங்கினேன். இரவு கடைக் கணக்கை முடித்துவிட்டு ஒரு பக்கமாவது கேட்காமல் படுப்பதில்லை. காதல் வந்தவன் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மலருக்கு எழுதுகிறவன் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகவே கேட்டதையும் படித்ததையும் வைத்து என் மதிப்பீட்டை இங்கே வைக்கிறேன்.

டிரையான் ஊரின் சிறுமி

நீனா சிமோன் என்பது பிற்காலத்தில் வைத்துக்கொண்ட பெயர். இயற்பெயர் யூனிஸ் கேத்லீன் வேமன். 1933 பிப்ரவரி 21ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தின் டிரையான் என்ற சிற்றூரில், எட்டுக் குழந்தைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். தாயார் மெதடிஸ்ட் சபையின் போதகர். பிழைப்புக்காக வெள்ளையர் வீட்டில் வேலையும் செய்தார். குழந்தை மூன்று நான்கு வயதிலேயே கோயில் பாடல்களைப் பியானோவில் வாசிக்கத் தொடங்கிவிட்டது. மியூரியல் மாசனோவிச் என்ற ஆங்கிலேய ஆசிரியை அவருக்குப் பாக் என்னும் ஜெர்மானிய இசை மேதையை அறிமுகம் செய்து வைத்தார். ஊரார் நிதி திரட்டிப் படிக்க வைத்தார்கள்.

சிறுமியாக இருந்தபோது நடந்த கச்சேரி ஒன்றைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பெற்றோரை, வெள்ளையருக்கு இடம் விடச் சொல்லிப் பின்னால் அனுப்பினார்கள். அவர்கள் முன்னால் வந்து உட்காரும்வரை வாசிக்கமாட்டேன் என்று சிறுமி சொல்லிவிட்டார். அவர்கள் திரும்ப வந்தபின்தான் வாசிப்பு நடந்தது. யார் எங்கே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பதும் இசையைச் சேர்ந்ததுதான் என்று அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

1950இல் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் கோடைப் பருவம் படித்தார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசை நிறுவனத்தில் சேர விண்ணப்பித்தார். அந்த ஆண்டு விண்ணப்பித்த பியானோக்காரர்கள் 72 பேர், இடம் கிடைத்தது மூவருக்கு. யூனிஸுக்குக் கிடைக்கவில்லை. தம் நிறமே காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். அங்கே ஆசிரியராக இருந்த விளாதிமிர் சோகோலாஃப் அதை மறுத்தார். அவரே பிறகு யூனிஸுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தவர். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் உறுதி. கச்சேரி மேடைக்கென்றே வளர்த்த கைகள் இரண்டும் அந்த மேடைக்கு வெளியே நின்றுவிட்டன.

"பாடு, இல்லையேல் போ"

1954இல் அட்லாண்டிக் சிட்டி என்ற கடலோர நகரத்தில், மிட்டவுன் பார் அண்ட் கிரில் என்னும் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு 90 டாலர் கூலி. முதல் நாள் வாசிக்க மட்டுமே செய்தார். கடைக்காரரோ, வேலை வேண்டுமென்றால் பாடவும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதுவரை தம்மைப் பாடகி என்று அவர் நினைத்ததே இல்லை. வேலை போய்விடக்கூடாதே என்று பாடினார். இப்படி மதுக்கடையில் வாசிப்பது போதகரான தாயாருக்குத் தெரியக்கூடாது என்றுதான் பெயரையும் மாற்றிக்கொண்டார். ஸ்பானிய மொழியில் 'நீனா' என்றால் சின்னப்பெண். 'சிமோன்' என்பது பிரெஞ்சு நடிகை சிமோன் சிக்னோரேயின் பெயரிலிருந்து வந்தது.

ஆக, உலகம் கொண்டாடும் அந்தக் குரல் ஒரு முதலாளியின் நிபந்தனையில் பிறந்தது. பியானோ விருப்பத்தால் வந்தது, குரல் கட்டாயத்தால் வந்தது. இசைத்தட்டைக் கேட்கும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த உறவை மறக்கக்கூடாது.

தட்டில் என்ன இருக்கிறது?

மொத்தம் பதினொரு உருப்படிகள். கருவிகள் மூன்றே மூன்று. நீனாவின் பியானோ, ஜிம்மி பாண்டின் டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக்கருவி, ஆல்பர்ட் ஹீத்தின் டிரம்ஸ். வயலின் கூட்டமோ பின்னணிக் கோஷ்டியோ கிடையாது. 'தனிச்சந்து கிளப் ஒன்றில் வாசிக்கப்படும் ஜாஸ்' என்ற பொருளில் ஒரு துணைத்தலைப்பும் உண்டு. வாங்குகிறவன் என்ன எதிர்பார்ப்பான்? கையில் கோப்பையோடு அரைக்காதில் கேட்கிற சமாசாரம் என்றுதானே?

முதல் பாட்டிலேயே அந்த எதிர்பார்ப்பு கலைந்துவிடுகிறது. 'மூட் இண்டிகோ' டியூக் எல்லிங்டன் குழுவினர் 1930இல் மெதுவாக, ஏக்கமாக வாசித்தது. நீனா அதை ஓட்டமாக எடுத்துக்கொள்கிறார். குரல் வருவதற்கு முன் பியானோதான் வெகுநேரம் பேசுகிறது. என்னைப் பாடச் சொன்னீர்கள் அல்லவா, பாடுகிறேன், ஆனால் முதலில் இதைக் கேளுங்கள் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

தலைப்புப் பாடலான 'லிட்டில் கேர்ள் புளூ' 1935ஆம் ஆண்டு மேடை நாடகம் ஒன்றுக்காக ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் எழுதியது. வாழ்க்கையில் ஏமாந்துபோன ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லும் பாட்டு. பியானோ வேறொரு மெட்டைத் தொடங்குகிறது. அது 'குட் கிங் வென்சஸ்லாஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாடல். அந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த மெட்டு. கை அதை வாசித்துக்கொண்டே இருக்க, குரல் அதன்மேல் இந்தச் சோகப் பாட்டை வைக்கிறது. பண்டிகை வீட்டில் ஒரு மூலையில் ஒருத்தி விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. இரண்டு மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல் நடத்துவது பாக் கற்றுக்கொடுத்த வித்தை. மதுக்கடையில் அதை யார் கேட்டார்கள்? கேட்டாலும் கேட்காவிட்டாலும் அம்மையார் அதைக் குறைக்கவில்லை.

'லவ் மி ஆர் லீவ் மி' 1928ஆம் ஆண்டுப் பாட்டு. நேசி, இல்லையேல் விட்டுவிடு என்னும் துடுக்கான பாட்டு. நடுவில் பியானோ தனியாக வரும் இடத்தைக் கவனியுங்கள். ஜாஸ்காரர்கள் வழக்கமாக இடதுகையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு வலதுகையால் விளையாடுவார்கள். இவர் இரண்டு கைகளையும் சரிசமமாக ஓடவிடுகிறார். ஒன்று சொன்னதை மற்றது வாங்கி, திருப்பி, வேறு வழியில் கொண்டுபோகிறது. பாக் தம் மாணவர்களுக்கு எழுதிய பயிற்சிகளில் இருக்கிற அதே கட்டு இது. என் பேத்தி பரீட்சைக்காக அப்படி ஒன்றை மாசக்கணக்கில் வாசித்தவள். இந்த இடம் வந்ததும், "தாத்தா, இது என் பாடம் மாதிரியே இருக்கே!" என்றாள். கர்ட்டிஸ் வேண்டாம் என்று சொன்ன கை அங்கே கேட்கிறது.

இரண்டு மோதிரங்கள், ஓர் எழுத்து

இந்தத் தட்டில் மோதிரம் இரண்டு பாட்டுகளில் வருகிறது. 'டோண்ட் ஸ்மோக் இன் பெட்' பாட்டில் ஒருத்தி கணவனை விட்டுப் போகிறாள். ஒரு சீட்டையும் கல்யாண மோதிரத்தையும் வைத்துவிட்டுப் போகிறவள், படுக்கையில் சிகரெட் பிடிக்காதே என்றும் சொல்லிவிட்டுப் போகிறாள். கோபம் தீர்ந்தும் அக்கறை தீராத நிலை. நம்ம வீட்டுப் பெண்கள் சண்டை போட்டுப் பிறந்தகம் போகும்போதும் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. நீனா இதை அழுது பாடவில்லை. குரலைக் கீழே வைத்து, நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார்.

'பிளெய்ன் கோல்ட் ரிங்' பாட்டில் மோதிரம் வேறொருவன் விரலில் இருக்கிறது. அவன் இன்னொருத்திக்குச் சொந்தம் என்பதற்கு அதுவே சாட்சி. அடியில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தம்புரா சுருதிக்குப் பழகிய நம் காதுக்கு இந்தப் பாட்டு எளிதில் பிடிபடும். சுருதி அசையாமல் நிற்க, குரல் அதைச் சுற்றி வந்து வந்து அங்கேயே விழுகிறது. அந்தப் பெண்ணும் அப்படித்தானே, எங்கும் போக முடியாமல் நிற்கிறாள்!

அடுத்து, எல்லாரும் அறிந்த 'ஐ லவ்ஸ் யூ போர்கி'. 1935இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்த 'போர்கி அண்ட் பெஸ்' என்ற ஆப்பெராவில் வருவது. கறுப்பினத்தாரின் பேச்சு என்று வெள்ளையர் எழுதிக்கொடுத்த கொச்சை வடிவம் அந்த 'லவ்ஸ்'. இலக்கணப்படி அங்கே 'லவ்' என்றுதான் வரவேண்டும். தட்டின் உறையில் 'லவ்ஸ்' என்றே அச்சாகியிருக்கிறது. நீனாவோ 'லவ்' என்று பாடுகிறார். ஓர் எழுத்துதான். ஆனால் அந்தப் பெண்ணைக் கேலிப்பொருளாகவோ பரிதாபப் பொருளாகவோ ஆக்காமல், நம் எல்லாரையும்போல் பேசுகிற ஒரு மனுஷியாக அந்த ஓர் எழுத்து நிறுத்திவிடுகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது விளங்காமல் போகாது. இந்திப் படங்களில் 'மதராசி' என்றால் எப்படிப் பேசவைப்பார்கள் என்று பார்த்தவர்கள்தானே நாம்? இந்தப் பாட்டுத்தான் 1959இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் 18ஆம் இடம்வரை போய் அவரை நாடறியச் செய்தது.

கையும் குரலும்

பாடிக்கொண்டே வாசிப்பது நமக்குப் புதிதல்ல. வீணை தனம்மாள் வீணையோடு சேர்ந்து மெல்லப் பாடுவார் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை வருகிறாள். வணிகன் சீதத்தன் இராசமாபுரத்துக்கு அழைத்துவந்த இசைவல்லாள். அவள் பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தெரியவில்லை. இவள்தான் வாய்திறந்து பாடினாளா, அல்லது வீணையே நாக்கு முளைத்துப் பேசியதா என்று கேட்டவர்கள் உருகினார்கள் என்கிறார் திருத்தக்கதேவர். குரலும் கருவியும் பிரித்தறிய முடியாமல் ஒன்றிவிடுவதே அங்கே உச்சம்.

நீனாவிடம் உச்சம் வேறு மாதிரி அமைகிறது. பியானோ கம்பியைச் சுத்தியல் அடித்து ஒலி எழுப்புகிற கருவி. ஒரு சுரத்தை அடித்துவிட்டால் அது அந்தக் கணமே தேயத் தொடங்கும். அதை வளைக்க முடியாது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கவும் முடியாது. கமகம் என்ற பேச்சே இல்லை. இழுவையும் வளைவும் குரலுக்கே உரியவை. இந்தப் பங்கீட்டை அம்மையார் நன்றாக அறிந்திருக்கிறார். பியானோ நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது, குரல் நகரவேண்டிய இடத்தில் நகர்கிறது. ஒன்று மற்றதன் நிழலாக வருவதில்லை. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் குறுக்கே பேசாமல், ஆனால் தம் கருத்தை விட்டுக்கொடுக்காமல் பேசுவதுபோல் இருக்கிறது. நம் சினிமாவில் பியானோ என்றால் பணக்காரர் வீட்டு விருந்தில் கதாநாயகன் உட்கார்ந்து சோகமாகப் பாடுகிற மேஜை என்ற அளவில்தான் பலருக்குத் தெரியும். அவர்கள் இந்தத் தட்டைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

குறைகளும் உண்டு

காதலிக்கிறேன் என்பதற்காகத் தரம் பார்க்காமல் விடமுடியுமா? எல்லா உருப்படியும் ஒரே தரமல்ல. 'ஹி நீட்ஸ் மி' நல்ல பாட்டுத்தான், ஆனால் மற்ற பாடகிகளும் இதே அளவில் பாடியிருக்க முடியும். 'யூல் நெவர் வாக் அலோன்' குரலே இல்லாத பியானோத் தனி. இதில் மேடைக் கம்பீரம் அந்தச் சின்ன மெட்டின் தோளுக்கு மேல் பாரமாக ஏறிவிட்டதாக எனக்குப் படுகிறது. இன்னும் குரலில்லாதவை இரண்டு. 'குட் பெய்ட்' ஜாஸ்காரர் டேட் டேமரன் எழுதியது. 'சென்ட்ரல் பார்க் புளூஸ்' அவரே அமைத்தது. பாடச் சொல்லி வேலை கொடுத்த உலகத்துக்கு முன்னால், பதினொன்றில் மூன்றை வாய் திறக்காமலே வாசித்திருக்கிறார். அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

கணக்கு

இனி ஒரு வியாபாரியாக எழுதவேண்டியது. இந்தத் தட்டை வெளியிட்டது பெத்லஹேம் ரெக்கார்ட்ஸ். நீனா தம் உரிமை முழுவதையும் 3,000 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அவர் வேறு நிறுவனத்துக்குப் போனபின், மிச்சமிருந்த பதிவுகளை வேறு இருவரின் பாட்டுகளோடு சேர்த்து அதே 1959இல் இன்னொரு தட்டாகவும் விற்றார்கள். 1987இல், இந்தத் தட்டில் இருக்கும் 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மி' என்ற பாட்டை ஷானெல் வாசனைத் திரவிய விளம்பரத்தில் சேர்த்தார்கள். முப்பது வருஷத்துப் பழைய பதிவு இங்கிலாந்துப் பாடல் வரிசையில் ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. எழுதிக்கொடுத்த அந்த ஒப்பந்தத்தால் அவர் இழந்தது பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

படியைக் குறைத்து அளப்பவனையும் எடைக்கல்லில் கள்ளம் வைப்பவனையும் சந்தையில் யாரும் மன்னிப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த அளவு குறைந்த அளவு. பள்ளியில் இடம் குறைவு, மதுக்கடையில் மரியாதை குறைவு, ஒப்பந்தத்தில் கூலி குறைவு. ஆனால் அவர் அளந்துபோட்டது? ஒரு குந்துமணி குறையவில்லை. கச்சேரி மண்டபத்துக்கு வைத்திருந்த சரக்கை அப்படியே மதுக்கடைக்குக் கொண்டுவந்து முழு நிறையாக நிறுத்துக் கொடுத்திருக்கிறார். இவர்களுக்கு இது போதும் என்று ஓர் இடத்திலும் கை தளரவில்லை. என் காதலுக்குக் காரணம் இதுதான்.

எல்லாம் நன்மைக்கேவா?

இவருடைய கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும், பள்ளி தள்ளிவிட்டது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நமக்கு நீனா சிமோன் கிடைத்திருப்பாரா என்று முடிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. பிள்ளைக்கு விரும்பிய இடம் கிடைக்காவிட்டால் உடனே, "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்போம். பிள்ளையின் மனசு ஆறவேண்டுமே என்று சொல்கிறோம், சரி. ஆனால் இழந்தது இழந்ததுதான். நீனாவே தாம் கச்சேரி மேடைப் பியானோக் கலைஞராக ஆகமுடியாமல் போனதைப் பற்றிய வருத்தத்தைப் பிற்காலத்திலும் மறைத்ததில்லை. 2003 ஏப்ரலில் கர்ட்டிஸ் நிறுவனம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அடுத்த இரண்டாம் நாள், ஏப்ரல் 21 அன்று, பிரான்சில் அவர் காலமானார். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து வந்த அந்தப் பட்டம் எந்த மேடையைத் திருப்பிக் கொடுத்திருக்கும்?

இசைத்தட்டும் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லவில்லை. 'லவ் மி ஆர் லீவ் மி' நடுவில் பாக் வரும்போது அது வெற்றிக் களிப்பாகவும் எனக்குக் கேட்கவில்லை, அழுகையாகவும் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது இது, இதை வைத்துத்தான் உங்களுக்கு வாசிப்பேன் என்று சொல்வதாகக் கேட்கிறது. சொந்த ஊரைவிட்டு வந்து, பிறர் ஊரில் கடை போட்டும் உத்தியோகம் பார்த்தும் வாழ்கிற நமக்கு இந்தக் குணத்தின் அருமை தெரியும். நம்மை முழுசாகத் தெரியாதவர்களுக்கு மத்தியிலும் நம் சரக்கைக் குறைக்காமல் கொடுப்பது எவ்வளவு சிரமம் என்பதும் தெரியும்.

கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. புகழ்பெற்ற 'போர்கி'யிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 'சென்ட்ரல் பார்க் புளூஸ்' கேளுங்கள். அதில் குரல் இல்லை. ஆங்கிலம் புரியுமா என்ற பயமும் இல்லை. அடுத்து 'பிளெய்ன் கோல்ட் ரிங்', சுருதிக்காக. பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு 'லிட்டில் கேர்ள் புளூ'. பியானோவிலும் கீபோர்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். கேட்டு முடித்ததும், இதை வாசித்தவருக்கு நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் நீதி எதுவும் சொல்லவேண்டாம்.